ஒரிலியாவுக்குப் போக நான்கு டயர்கள்

அக்டோபர் 14, செவ்வாய்

காலையில் நிரூபா தொலைபேசியில் அழைத்தாள். என் கணவர், இவருடைய தங்கையின் மகள், ஒரிலியாவில் இருக்கிறாள். செப்டெம்பரில் மரியற்றா மச்சாளுக்கு இரண்டாவது தடவையும் பாரிசவாதம் வந்து, பராமரிப்பு இல்லத்தில் சேர்த்திருக்கிறார்கள் என்பதை மகன் ஜெறோம் முன்பே சொல்லியிருந்தான். இன்று நிரூபா சொன்னது வேறு. வைத்தியர்கள் அடுத்த கோடையை எதிர்பார்க்கவேண்டாம் என்கிறார்களாம்.

“மாமி, ஒருக்கா வந்து பாத்திட்டுப் போங்கோவன். அம்மா வாய் திறந்து கேக்கமாட்டா. உங்களுக்குத் தெரியும்தானே.”

தெரியும். பெப்ரவரியில் இவரை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு நானும் மச்சாளும் ஒரு சொல் பேசவில்லை.

“பனிக்கால டயர் பூட்டினவுடன வாறன்,” என்றேன்.

“இப்ப ஸ்னோ இல்லையே மாமி. வெயில் எறிக்குது.”

“உங்கடை பக்கம் எப்ப கொட்டும் எண்டு ஆருக்குத் தெரியும்? ஆயத்தமில்லாமல் நான் ஓரிடமும் வெளிக்கிடுறதில்லை.”

நான் சொன்னதில் பிழையில்லை. பழைய பனிக்கால டயர்கள் தேய்ந்துவிட்டன, வருகிற முறை புதிதாகத்தான் எடுக்கவேண்டும் என்று இவரே போன மார்கழியில் சொன்னவர். அந்த வேலையெல்லாம் அவருடையது. இந்த வருடம் என்னுடையது. செய்கிற காரியத்தை ஒழுங்காகச் செய்யவேண்டும்.

அக்டோபர் 16, வியாழன்

நூலகத்துக்குப் போய்க் கார்ச் சஞ்சிகைகளைப் பார்த்தேன். அறிந்துகொண்டது: குளிர் ஏழு பாகைக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் இறப்பர் இறுகிவிடும். பனிக்கால டயர் அப்போதும் இளகியே இருக்கும். ஆகவே அது பனிக்காக மட்டுமல்ல, குளிருக்காகவே. பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் பொறித்திருந்தால்தான் உண்மையான பனிக்கால டயர். எங்கள் ஆட்களில் பலர் இது தெரியாமல் “எல்லாப் பருவத்துக்கும்” என்று எழுதிய டயரை நம்பி ஓடித் திரிகிறார்கள். பெப்ரவரியில் நிரூபாவும் அப்படித்தான் வந்திருப்பாள்.

அக்டோபர் 18, சனி

ஜெறோம் வந்தான். நான் கேட்காமலே அடித்தளத்து வடிகாலைத் துப்பரவாக்கிவிட்டு, கை துடைத்துக்கொண்டே பேச்சைத் தொடங்கினான். மகனுடைய இந்த முறை எனக்குத் தெரியும். வேலை செய்துவிட்டால் கதைக்க உரிமை வந்துவிடும் என்று நினைப்பு.

“அம்மா, நாளைக்கே போவம். நான் கூட்டிக்கொண்டு போறன். பின்னேரத்துக்குள்ள திரும்பியிடலாம்.”

“என்னை ஒருத்தரும் கூட்டிக்கொண்டு போகத் தேவையில்லை.”

“நானூறாம் நெடுஞ்சாலையில நீங்கள் ஓடப்போறீங்களோ? அப்பா இருந்த காலத்தில நீங்கள் பக்கத்துச் சீற்றில இருந்து அவருக்குப் பிழை பிடிச்சதுதானே.”

“அந்த மனிசன் நாப்பது வருசம் ஓர் இடியும் இல்லாமல் ஓடினவர். ஏன் எண்டு நினைக்கிறாய்?”

சிரித்தான். பிறகு, “பெரியமாமி எண்டு நினைச்சு ஒரு கார்ட் எண்டாலும் அனுப்புங்கோ,” என்றான். அவன் பிறந்த நாளிலிருந்து மச்சாளைப் ‘பெரியமாமி’ என்றுதான் கூப்பிடுவான். சின்னமாமி என்று ஒருவரும் இல்லை. கார்ட் அனுப்புவதைவிட நேரில் போகிறவள் நான் என்றேன். இவர் மாதத்தில் ஒரு ஞாயிறு தவறாமல் தங்கையிடம் போய்வந்தவர். அந்த ஞாயிறுகளில் எனக்குக் கோயிலில் பாடகர் குழுப் பயிற்சி இருந்தது.

அக்டோபர் 22, புதன்

நேசன் என்பவரின் டயர் கடைக்குப் போனேன். நாற்பது வயது இருக்கும். சாவகச்சேரிப் பக்கத்து ஆள். இரண்டு தொலைபேசிகள் ஒரே நேரத்தில் அடிக்கின்றன. ஒன்றுக்கும் பதில் சொல்வதில்லை.

“சொல்லுங்கோ அன்ரி. மலிவானதோ, நல்லதோ, ரெண்டுக்கும் நடுவிலையோ?”

“மலைக்குறி உள்ளது. இந்த வருசம் செய்தது. பின்லாந்துக் கம்பனி எண்டால் நல்லது. நாலும் ஒரே மாதிரி இருக்கவேணும்.”

தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார். “அன்ரி வாசிச்சுப்போட்டு வந்திருக்கிறீங்கள்.”

ஆணி பதித்த டயர் போடலாமா என்று கேட்டேன். அது வடக்கே குடியிருப்பவர்களுக்குத்தான் அனுமதி, இங்கே போட்டால் பொலிஸ் பிடிப்பான் என்றார். அகலம் குறைந்த டயர் பனியை நன்றாக வெட்டிக்கொண்டு போகும் என்று வாசித்தேன், எங்கள் கொறோலாக் காருக்கு ஒரு சுற்று ஒடுக்கமானது பொருந்துமா என்றேன். பொருந்தும், ஆனால் உள்ள அளவே நல்லது என்றார். இரும்பு வளையங்களோடு சேர்த்தே எடுத்தால் ஒவ்வொரு முறையும் கழற்றிப் பூட்ட இலகு என்றார். அது நியாயமாகப் பட்டது.

“எங்கை ஓடுற கார் அன்ரி? கோயிலுக்கும் கடைக்குமோ?”

“ஒரிலியாவுக்கு.”

“அடிக்கடியோ?”

“ஒருதரம்.”

“ஒருதரம் போக நாலு புது டயரோ?”

“ஒருதரம்தான் போறது எண்டால் வடிவாப் போகவேணும்.”

நேசன் கொப்பியில் எழுதிக்கொண்டார். இரண்டு வாரத்தில் வரும் என்றார்.

அக்டோபர் 25, சனி

மழை. யன்னல் திரைகளைக் கழற்றித் தோய்த்தேன். நிரூபா அழைத்தாள். கை ஈரமாக இருந்ததால் எடுக்கவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

இறந்தோர் நினைவு நாள். பூசை முடிந்து சேமக்காலைக்குப் போய் இவருடைய கல்லறையில் மெழுகுவர்த்தி கொளுத்தினேன். காற்றில் நிற்கவில்லை. நான்காவது தீக்குச்சியில் பற்றியது. கல்லில் பெயரைச் சரியாக வெட்டியிருக்கிறார்கள்: பெனடிக்ற் செபஸ்தியாம்பிள்ளை. முதல் தடவை வெட்டியதில் ‘ற்’ விடுபட்டிருந்தது. திருப்பி அனுப்பியிருந்தேன்.

பக்கத்துக் கல்லறைக்கு வந்த சிசிலியா ரீச்சர், “உங்கடை மச்சாள் வரேல்லையோ? பாவம், அண்டைக்கும் அந்த மனிசி…” என்று தொடங்கினார். சுகமில்லை என்று சொல்லிப் பேச்சை முடித்தேன்.

இவரை அடக்கம் செய்த அன்று நடந்ததைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லுகிறார்கள் என்று கேள்வி. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல்நாள் இரவு பனி கொட்டியிருந்தது. பூசை பத்து மணிக்கு. சேமக்காலையில் குழி வெட்டி வைத்திருந்தார்கள். மண்டபத்தில் சாப்பாடு ஒழுங்கு. இருநூறு பேர், அந்தக் குளிரில், நேரத்துக்கு வந்திருந்தார்கள். கோயிலுக்கு எடுக்குமுன் இரத்த உறவுகள் முகம் பார்த்துக் கொஞ்சியபின் பெட்டியை மூடுவது எங்கள் வழக்கம். பெட்டி மூடுகிற நேரத்தில் மச்சாள் தொலைபேசியில் அழைத்தார். பாரி நகரத்துக்கு இந்தப் பக்கம் நெடுஞ்சாலையைப் பூட்டிவிட்டார்கள், குறுக்குப் பாதையால் வருகிறோம் என்றார்.

“மச்சாள், ஒரு மணித்தியாலம் பிந்துங்கோ. அண்ணன்ரை முகத்தை நான் பாக்கவேணும்.”

“கோயில் நேரம் என்ரை கையில இல்லை,” என்றேன்.

நான் படித்த கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் மணியடித்ததும் வாசலைப் பூட்டுவார்கள். உள்ளே நின்றவர் உள்ளே, வெளியே நின்றவர் வெளியே. ஆளுநருடைய மகளாக இருந்தாலும் அதுதான். நாங்கள் அப்படி வளர்ந்தவர்கள். பெட்டியை மூடினார்கள்.

அவர்கள் சேமக்காலைக்கு வந்து சேர்ந்தபோது மண் போட்டாகிவிட்டது. மச்சாள் மண்ணைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். பிறகு திரும்பிப் போய்க் காரில் ஏறிவிட்டார். சாப்பாட்டுக்கு வரவில்லை.

அதே பனியில் ஒட்டாவாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நல்ல டயர் பூட்டியிருந்தால் ஒரிலியாவிலிருந்தும் நேரத்துக்கு வந்திருக்கலாம்.

நவம்பர் 8, சனி

டயர்கள் வந்துவிட்டன என்று நேசன் அழைத்தார். போய்ப் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். செய்த வாரமும் வருடமும். மூன்று இந்த வருடத்தவை. ஒன்று இரண்டு வருடம் பழையது. மாற்றித் தரச் சொன்னேன்.

“அன்ரி, களஞ்சியத்தில பூட்டிக் கிடந்த டயர். ஒரு கிலோமீற்றரும் ஓடேல்லை. அருமந்த சாமான்.”

“பழசு பழசுதான்.”

“நீங்கள் டயர் பாக்கிறீங்களோ, மருமகன் பாக்கிறீங்களோ? இனிச் சாதகமும் கேப்பீங்கள் போலை கிடக்கு.”

“மருமகன் வழுக்கினால் பிடிச்சு நிப்பாட்டலாம் தம்பி.”

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நேசனும் சிரித்துவிட்டு, பனி தொடங்கினால் சனம் முண்டியடிக்கும், பிறகு தாமதமென்று தன்னைக் குறைசொல்லக்கூடாது என்றார். நான் ஒருவரையும் குறைசொல்வதில்லை.

நவம்பர் 10, திங்கள்

முதற்பனி. நான்கு விரற்கடை. நேசனின் கடை வாசலில் கார்கள் வீதிவரை நிற்கின்றன. அந்த ஒரு டயர் இன்னும் வரவில்லை.

மாலையில் நிரூபாவின் அழைப்பை எடுத்தேன்.

“அம்மா சாப்பாடு குறைச்சுப்போட்டா மாமி. கஞ்சிதான். சில நேரம் மாறாட்டமாக் கதைக்கிறா. சில நேரம் நல்ல தெளிவு. நீங்கள் தெளிவான நேரத்தில வந்தால் நல்லது.”

“டயர் ஒண்டு வரவேணும். வந்தவுடன.”

“மாமி,” என்றாள். பின்னால் தட்டுமுட்டுச் சத்தம் கேட்டது. சமைத்துக்கொண்டிருந்திருக்கவேண்டும்.

“அம்மா கோவத்தில இல்லை,” என்றாள் கடைசியில்.

கோபப்பட அவருக்கு என்ன இருக்கிறது என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

நவம்பர் 19, புதன்

நான்கு டயர்களும் பூட்டியாயிற்று. பக்கத்தில் நின்று பார்த்தேன். காற்றழுத்தம், பூட்டிய திசை எல்லாம் சரி. நூறு கிலோமீற்றர் ஓடியபின் திரும்பி வாருங்கள், சில்லைப் பிடித்திருக்கும் சுரைகளை மறுபடி இறுக்கவேண்டும் என்றார் நேசன். புது டயரின் வழுவழுப்புப் போகும்வரை மெதுவாக ஓடச் சொன்னார்.

“ஒரிலியாவுக்குப் போய் வாங்கோ அன்ரி. கணக்காயிருக்கும்.”

இறுக்காத சுரையோடு நெடுஞ்சாலையில் ஏறுவதா? இங்கேயே ஓடி முடிப்பதென்று தீர்மானித்தேன்.

நவம்பர் 20, வியாழன்

ஸ்காபரோவைச் சுற்றி ஓடினேன். கோயில், நூலகம், இவருடைய பழைய வேலைத்தலம், ஏரிக்கரை. கோயில் வாகனத் தரிப்பிடத்தில் ஆள் இல்லாத மூலையில் பிறேக்கை அழுத்திப் பழகினேன். பங்குத்தந்தை யன்னலால் எட்டிப் பார்த்தார். கையசைத்தேன்.

நவம்பர் 25, செவ்வாய்

சுரைகள் இறுக்கியாயிற்று. ஜெறோமிடம் சொன்னேன்.

“சரி அம்மா. டயர் பூட்டியாச்சு. இறுக்கியாச்சு. இனி என்ன?”

“பற்றறி பாக்கவேணும்.”

அவன் தொலைபேசியில் பெருமூச்சு விட்டது கேட்டது. தகப்பனைப் போல.

நவம்பர் 27, வியாழன்

பற்றறியில் குறையில்லையாம்.

டிசம்பர் 6, சனி

எட்டு மணிக்கு வெளிக்கிட்டேன். இரத்த அழுத்த மாத்திரை, கம்பளி, பனி அள்ளும் சவல், தேர்மொஸ் குடுவையில் தேநீர். மச்சாளுக்கு ஆட்டிறைச்சி ரசம் கொஞ்சம், காரம் குறைத்து. மச்சாளிடம் சொல்லவேண்டியதை வழியில் மனத்துக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டு போனேன். மூன்று வசனங்கள். நீட்டாமல், அழாமல்.

பாரி வரைக்கும் வீதி நன்றாக இருந்தது. டயர்கள் நிலத்தைப் பிடித்த பிடியில் எனக்கே பெருமை. அதற்கு மேல் ஏரிப் பக்கமிருந்து பனிப்புகார் அடித்தது. முன்னால் போன பாரஊர்தியின் சிவப்பு வெளிச்சம் திடீரென்று இல்லாமல் போயிற்று. பிறகு பொலிஸ் வாகனமொன்று குறுக்கே நின்றது. இளம் அதிகாரி ஒருவர் எல்லாரையும் வெளிப்பாதையால் இறக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடியை இறக்கி, என்னுடையவை புத்தம்புதுப் பனிக்கால டயர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் மரியாதையாகக் குனிந்து டயரைப் பார்த்தார். டயர் அருமை, ஆனால் வீதி எங்கே இருக்கிறதென்று தெரிந்தால்தானே அதில் ஓடலாம் என்றார்.

பெற்றோல் நிலையத்துக் கோப்பிக் கடையில் போய் இருந்தேன். ஈரச் சப்பாத்துகளோடு ஐம்பது அறுபது பேர். எல்லோரும் யாருக்கோ தொலைபேசியில் பிந்தும், பிந்தும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் கையில் வெள்ளைப் பூக்கள் வைத்திருந்தாள். நான் நிரூபாவை அழைத்தேன்.

“இஞ்சையும் ஒண்டும் தெரியேல்லை மாமி. குறுக்கு ரோட்டில மட்டும் வந்திடாதேங்கோ. அண்டைக்கு நாங்கள் அதால வந்து பட்ட பாடு. பேசாமல் திரும்பிப் போங்கோ. அம்மா எங்கை ஓடப்போறா?”

இரண்டு மணித்தியாலம் இருந்தேன். பாதை திறக்கவில்லை. திரும்பிவிட்டேன். ரசம் ஆறிப்போயிற்று.

இன்னொன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன். அடக்கத்தன்று மச்சாளின் அழைப்பு வந்தபோது, பெட்டி வைத்திருந்த மலர்ச்சாலையின் பொறுப்பாளர் பக்கத்தில்தான் நின்றார். ஒரு மணித்தியாலம் பிந்தலாம், கோயிலுக்கும் சேமக்காலைக்கும் தான் சொல்லிக்கொள்கிறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

இடுப்பு வலி. பூசைக்குப் போகவில்லை.

டிசம்பர் 10, புதன்

ஜெறோம் வானிலை பார்த்துச் சொன்னான்: சனிக்கிழமை காலை தெளிவு, பிற்பகலில் மெல்லிய பனி. தானும் வரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். வாக்குவாதம் செய்யவில்லை. போய்ச் சேர்ந்ததும் தொலைபேசியில் ஒரு சத்தம் போடுங்கள் என்று மட்டும் சொன்னான்.

டிசம்பர் 13, சனி

போய்ச் சேர்ந்தேன். வழியில் எங்கும் ஒரு சறுக்கல் இல்லை.

பராமரிப்பு இல்லத்தின் வாசலில் நிரூபா காத்து நின்றாள். மெலிந்துவிட்டாள். என்னைக் கட்டிப்பிடித்தாள், நான் எதிர்பார்க்கவில்லை. அவளுடைய காருக்குப் பக்கத்தில்தான் என்னுடையதை நிறுத்தியிருந்தேன். அதன் டயரில் மலைக்குறி இருந்தது.

“இந்த வருசம் போட்டதோ?”

“இல்லை மாமி, இது நாலாவது குளிர். இஞ்சை இது இல்லாமல் தெருவில இறங்கேலாது.”

புதிதாக வைத்த ரசத்தைக் காரிலிருந்து எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனேன்.

இரண்டாம் மாடி. யன்னல் வாகனத் தரிப்பிடத்தைப் பார்த்தபடி இருக்கிறது. மச்சாள் சக்கர நாற்காலியில் யன்னலருகே இருந்தார். தலைமயிரைக் குட்டையாக வெட்டிவிட்டிருக்கிறார்கள். வாயின் ஒரு பக்கம் கீழே இழுத்திருந்தது. மூக்கும் நெற்றியும் அப்படியே இவருடையவை. ஐம்பது வருடமாக எனக்கு அது தெரியவில்லை.

என்னைக் கண்டதும் சிரித்தார். கோபமான முகத்துக்கு ஆயத்தமாகப் போயிருந்தேன். இதற்கு ஆயத்தமாக இருக்கவில்லை.

“கார் வந்ததைக் கண்டனான்,” என்றார். சொற்கள் குழைந்தாலும் விளங்கின. “வாங்கோ மச்சாள். அண்ணன் எங்கை?”

நிரூபா குனிந்து தாயின் போர்வையைச் சரிசெய்தாள். “அம்மா, மாமா மோசம்போயிட்டார். எத்தினை தரம் சொல்லிப்போட்டன்.”

மச்சாள் அவளைப் பொருட்படுத்தவில்லை. நல்ல கையால் என்னுடைய கையைப் பிடித்து இழுத்து, இரகசியம் சொல்வதுபோலச் சொன்னார்:

“இவள் இப்பிடித்தான். செத்துப்போனார், செத்துப்போனார் எண்டு ஒரே சொல்லுறாள். நான் பாக்கேல்லையே. நீங்கள் பாத்தனீங்களோ?”

மூன்று வசனங்கள் வைத்திருந்தேன். முதலாவதின் முதற்சொல் வாயில் நின்றது. நிரூபா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சாளின் கண்கள் என்னுடைய முகத்திலிருந்து கதவுக்குப் போய், கதவிலிருந்து மறுபடி என்னிடம் வந்தன.

“காரை நிப்பாட்டிப்போட்டு வருவார்,” என்றேன்.

“ஓமோம். அவர் ஆறுதலாத்தான் வருவார்.” கையை விட்டுவிட்டு யன்னல் பக்கம் திரும்பினார். “நீங்கள் இருங்கோ. ஏன் நிக்கிறீங்கள்?”

நிரூபா இன்னொரு கதிரையைக் கொண்டுவந்து யன்னலருகே போட்டாள். இருந்தேன். ரசத்தைச் சூடாக்கிக் கொண்டுவந்தாள். மச்சாள் நான்கு கரண்டி குடித்தார், பார்வையை வெளியிலிருந்து எடுக்காமலே. உப்புக் கொஞ்சம் குறைவு என்றார். உண்மைதான்.

மதியத்துக்குப் பிறகு மெல்லிய பனி விழத் தொடங்கியது. இருட்டுமுன் வெளிக்கிடவேண்டும் என்று நினைத்திருந்தேன். கீழே எங்கள் காரின் கூரை வெளுத்தது, பிறகு முன்கண்ணாடி வெளுத்தது. எது எங்களுடையது, எது நிரூபாவுடையது என்று மேலிருந்து சொல்லமுடியாமல் போயிற்று. யாரோ ஓர் ஆண், தொப்பி போட்டவர், தரிப்பிடத்தைக் கடந்து வாசலை நோக்கி நடந்து வந்தார். மச்சாள் முன்னால் சாய்ந்தார். நானும் சாய்ந்தேன்.